கோமுகி அணையில் சிவப்புப் பாய்

சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் மூட்டையைப் பிரித்தார். மேசை போதாமல் தரையிலும் விரித்தார். கடைசியில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றுவிட்டார். சிவப்பும் மஞ்சளுமான நைலான் துணி ஒரு சின்னக் கல்யாணப் பந்தலுக்குக் காணும் அளவுக்குக் கிடந்தது.

"பாராசூட்டா?"

"படகுப் பாய்," என்றேன்.

"எந்த ஊருக்குப் போறீங்க?"

"கள்ளக்குறிச்சிக்கு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அங்க கடல் இல்லையேம்மா." எனக்கும் அது தெரியும் என்றேன். மடிக்கிற வேலையை நினைத்தோ என்னவோ, வரி எதுவும் கேட்காமல் விட்டுவிட்டார். மடித்தது நான்தான்.

நான் பினாங்கில் பிறந்தவள். அப்பா வடக்கனந்தலிலிருந்து போனவர். வாரநாளில் துறைமுக அலுவலகத்தில் தட்டச்சு அடிப்பேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்னப் பாய்மரப் படகில் தனியாகக் கடலுக்குள் போய்விடுவேன். கல்யாணம் ஆகாத பெண்பிள்ளைக்கு இதென்ன கேடு என்று சொந்தக்காரர்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள். என் பக்கம் நின்றவன் ஒருவன்தான், சித்தப்பா மகன் கலியமூர்த்தி. சரக்குக் கப்பலில் வேலை பார்த்தான். அவன் கப்பல் பினாங்கில் நின்ற நாட்களில் என் படகில் ஏறியவன், அந்தப் பைத்தியம் பிடித்தே ஊர் திரும்பினான். பிறகு சர்க்கரை நோய் வந்து கப்பல் வேலை போயிற்று. தினம் ஊசி போட்டுக்கொண்டு கரும்பு பயிரிட்டான். ஆனால் சென்னையில் யாரோ கழித்துக்கட்டிய ஒரு படகை வாங்கி, கரும்பு லாரியில் ஏற்றி, கோமுகி அணைக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டான். எல்லாம் இருக்கிறது, பலூன் பாய்தான் இல்லை, அக்கா கொண்டுவந்து கற்றுக்கொடுக்க வேண்டும் என்று பினாங்குக்கு வந்த ஒருவரிடம் சொல்லி அனுப்பியிருந்தான்.

ஆங்கிலத்தில் அதன் பெயர் ஸ்பின்னக்கர். காற்று முதுகுக்குப் பின்னால் இருக்கும்போது மட்டும் படகின் முன்னால் ஏற்றுவது. மற்றப் பாய்கள் பாய்மரத்தோடு கட்டுண்டு கொட்டில் மாடு மாதிரி அடங்கிக் கிடக்கும். இது அப்படியில்லை. உச்சியில் ஒரு கயிறு, கீழ் முனைகளில் ஒவ்வொரு கயிறு, ஒரு முனையை வெளியே தள்ளிப் பிடிக்க ஒரு கழி. அதற்கும் படகுக்கும் உள்ள உறவு அவ்வளவுதான். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் சுக்கானைப் பார்ப்பார், மற்றவர் பாயைப் பார்ப்பார். தனி ஆள் என்றால் சுக்கான் பிடியைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொள்ள வேண்டும். கீழ்க்கயிறுகள் கைக்கு ஒன்று, ஏற்றும் கயிறு பல்லில். பல்லால் கயிற்றைக் கடிக்காதே என்று எல்லோரும் சொல்வார்கள், எல்லோரும் கடிப்பார்கள். எனக்கு அந்தப் பாய் மேல் ஆசையும் உண்டு, பயமும் உண்டு.

பேருந்து உளுந்தூர்ப்பேட்டைக்கு முன்பே நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கிப் பார்த்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அவ்ளோதாங்க, எறங்கிக்குங்க," என்றார். சாலையின் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. அதற்கப்பால் இன்னொன்று. அதற்கும் அப்பால், கண்ணுக்கு எட்டின மட்டும், இலையோடும் காயோடும் மரங்கள். இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். பினாங்கில் ஒரு கிளை முறிந்து தெருவில் விழுந்தால், காபி ஆறுவதற்குள் நகராட்சி வண்டி வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். இங்கே ஒரு சாலை முழுவதும் படுத்துக்கிடந்தது. வெட்டுப்பட்ட பச்சையின் வாசம் மூக்கைப் பிடித்தது. கூடு போன காக்கைகள் கத்தாமல் வரப்பில் உட்கார்ந்திருந்தன.

மரத்தின் மேல் உட்கார்ந்திருந்த இளைஞர்கள் என் மூட்டையைத்தான் பார்த்தார்கள். ஒரு மூலையில் துணி வெளியே தெரிந்தது.

"அத்து இன்னாம்மா கொடி? எந்தக் கட்சி?"

"எந்தக் கட்சியும் இல்லை, தம்பி."

"கட்சி இல்லாம எதுக்கு ரெண்டு கலரு?"

இரண்டு நிறம் சேர்ந்தால் இந்த நாட்டில் அது கொடி. பாய்மரம், காற்று, அணை என்று ஆரம்பித்தேன், முகங்கள் இறுகின. அவர்களில் கொஞ்சம் பெரியவனாக இருந்தவன் துணியைத் தொட்டுப் பார்த்தான். "சேப்பும் மஞ்சளும்டா. மாரியாத்தாவுக்குச் சாத்தறதுக்கு எடுத்துக்கினு போறாங்க போல. இல்லீங்களாம்மா?" என்றான். களைப்பில் ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். உடனே இரண்டு பேர் மூட்டையைத் தலைக்கு மேல் தூக்கி, மரங்களைத் தாண்டிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத் தூக்கினார்கள்.

அன்று களமருதூரில் முன்பின் தெரியாத ஒரு வீட்டில் தங்கினேன். கேழ்வரகுக் கூழும் நாரத்தங்காய் ஊறுகாயும் தந்தார்கள். எனக்குப் பசி. மூன்றாம் தடவை கேட்டு வாங்கிக் குடித்தேன். வீட்டுக்காரம்மா, "வெளிநாட்ல கூழு கெடைக்காதா?" என்று சிரித்தார். பக்கத்து அறையில் யாரோ, "பஸ்ஸு சத்தமே இல்லாம காதுக்குள்ள ஙொய்யுன்னு இருக்குது," என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

மறுநாள் பாதி டிராக்டரிலும் பாதி நடையிலும் கழிந்தது. டிராக்டர்காரர் வயலுக்குள் இறக்கி ஏற்றி ஓட்டியதில் முதுகெலும்பு ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்துவிடும் என்று நினைத்தேன். கள்ளக்குறிச்சி நாற்சந்தியில் ஒரு நாய் நடுச்சாலையில் மல்லாந்து தூங்கியது. கடைகளின் கதவுகள் எல்லாம் இறங்கியிருந்தன. ஒரு டீக்கடையில் மட்டும் பின்வாசல் வழியாகக் கடுங்காப்பி கொடுத்தார்கள். குடித்தவர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் குடித்தார்கள்.

வடக்கனந்தலுக்குப் போனபோது வெயில் சாய்ந்திருந்தது. தெருவில் பெண்கள் மட்டும் இருந்தார்கள். மாட்டைக் கட்டுவதும் பெண்கள், வண்டியை ஓரம் தள்ளுவதும் பெண்கள். ஆண் குரல் ஒன்றுகூடக் காதில் விழவில்லை. கலியமூர்த்தியின் மனைவி தனம் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினாள்.

"ஆம்பளைங்க யாரும் இல்லீங்க, அண்ணி. போலீசு வந்து புடிச்சிக்கினு போவுதுன்னு எல்லாரும் மலைக்குப் போயிட்டாங்க. இவுரு மரம் வெட்டவும் போவல, ஒண்ணும் போவல. ஆனா ஆம்பளைன்னா புடிக்கறாங்களே."

"மருந்து?"

கதவுத் தாழ்ப்பாளை இன்னொரு முறை பார்த்துவிட்டுச் சொன்னாள். இருந்த அவசரத்தில் கொஞ்ச நாளுக்குத்தான் ஊசிமருந்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். மலையில் சடையன் என்று அவனுக்கு ஒரு சிநேகிதர் இருக்கிறார், அவர் வீட்டில் இருப்பான். நாளை மறுநாள் சாயங்காலம் அணையின் மலையடிக் கரைக்கு வருவான்; பரிசல்காரரிடம் மருந்து கொடுத்தனுப்ப வேண்டும். இதுதான் ஏற்பாடு. இப்போது பரிசல்காரர்களும் பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மலையேறிவிட்டார்கள். நடந்துபோகும் பாதையில் போலீஸ் முகாம். தனம் போனால் பின்னாலேயே வருவார்கள்.

"ஊசி இல்லாம ரெண்டு நாளு தாங்க மாட்டாருங்க, அண்ணி. ஒரு தடவ அப்டி ஆயி, பொழச்சதே பெரும்பாடு."

சமையலறை மூலையில் ஈர மணல் நிரப்பிய பானைக்குள் மருந்துப் புட்டிகள் குளிர்ச்சியாக இருந்தன. அவள் அந்த மணலுக்கு வேளை தவறாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். என் அம்மாவுக்கும் இதே நோய் இருந்தது. ஊசி போட எனக்குத் தெரியும். படகு விடவும் தெரியும். வேறு யாரையும் தேட வேண்டியதில்லை என்று நான் சொன்னபோது, தனம் எனக்குச் சோறு போட்டாள். சுண்டைக்காய்க் குழம்பு. அணை மீன் இல்லை, பிடிக்க ஆளில்லை.

மறுநாள் படகைப் பழகிப் பார்த்தேன். ஒரு தென்னந்தோப்பின் ஓரத்தில் கலியமூர்த்தி அதைக் கவிழ்த்து வைத்திருந்தான். ஒருவர் தாராளமாகவும் இருவர் நெருக்கியும் உட்காரலாம். அணை மேல் நின்ற போலீஸ்காரர்கள் கைகாட்டிக் கூப்பிட்டார்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டைக் காட்டினேன். "வெளையாட்டுக்கா?" என்றார் ஒருவர். ஆமாம் என்றேன். அதன் பிறகு அவர்களுக்கு நான் வேடிக்கை.

கோமுகி நீர்த்தேக்கம் கடல் பார்த்தவளுக்கு ஒரு குட்டை. ஆனால் எனக்கு அது பிடிக்கவில்லை. மேற்கே கல்வராயன் மலை தண்ணீரிலிருந்து நேராக எழுந்து நிற்கிறது. அதன் நிழல் பிற்பகலிலேயே அந்தக் கரையை மூடிவிடுகிறது. செத்துப்போன பனைமரங்களின் மொட்டைத் தலைகள் ஆங்காங்கே தண்ணீருக்கு வெளியே தெரிகின்றன. பகல் முழுவதும் காற்றில்லை. வெயில் தாழ்ந்த பிறகுதான் கிழக்கிலிருந்து மெல்ல ஒரு காற்று வருகிறது. மலைக்கரைக்குப் போக அது பின்காற்று. பலூன் பாய்க்கென்றே வந்தது போல இருந்தது.

பாயை ஏற்றினேன். அது ஒரு முறை படபடத்து, மூச்சு வாங்கி, உப்பியது. ஒரு சுற்று போய் வந்தேன். கரையில் நின்ற தனத்தின் முகம் வெளுத்திருந்தது.

"நல்லாத்தான் இருக்குதுங்க, அண்ணி. ஆனா உங்களக் காணோம். துணி மட்டும் தனியா வர்ற மாதிரி இருந்துச்சு."

எதிரே நிற்பவருக்கு அப்படித்தான் தெரியும், பாய் ஆளை மறைத்துவிடும் என்று விளக்கினேன். அவள் தலையாட்டினாள். ஆனால் அந்தத் துணியை மடிக்க மட்டும் கை கொடுக்கவில்லை.

குறித்த நாள் வந்தது. மருந்தையும் கொதிக்க வைத்த கண்ணாடி ஊசியையும் அகலவாய் பிளாஸ்க்கில் போட்டு மூடி, துணியால் சுற்றி இடுப்போடு கட்டிக்கொண்டேன். காற்று வரும் என்று காத்திருந்ததில் நேரம் போய்விட்டது. வந்ததும் நூல் மாதிரிதான் வந்தது. பாய்மரத்தோடு கட்டிய பெரிய பாயை மட்டும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். அணை மேலிருந்த போலீஸ்காரர் கையசைத்தார். நானும் அசைத்தேன்.

பாதித் தண்ணீரில் படகு ஏறக்குறைய நின்றுவிட்டது. எதிர்க்கரையில் ஆட்கள் தெரிந்தார்கள். நடுவில் ஒரு கயிற்றுக் கட்டில். அதில் யாரோ படுத்திருந்தார்கள். நடந்து வருவான் என்று எதிர்பார்த்தேன், கட்டிலில் கொண்டுவந்திருக்கிறார்கள். சூரியன் மலைமுகட்டைத் தொட்டுவிட்டான். இருட்டிவிட்டால் அந்தப் புதர்க்கரையில் அவர்களை நானும், என்னை அவர்களும் கண்டுபிடிக்க முடியாது. துடுப்பு என்ற பெயரில் இருந்த பலகை, கொல்லையில் சாணி அள்ளத்தான் லாயக்கு. பலூன் பாயை ஏற்றுவதென்று முடிவு செய்தேன்.

சுக்கானைத் தொடைக்குள் இடுக்கினேன். கழியை மாட்டினேன். கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு இழுத்தேன். பாய் பெரிய பாயின் மறைவிலிருந்து வெளியே வந்து, ஒருமுறை சுருங்கி, விரிந்து நின்றது. படகு நகர்ந்தது.

பின்காற்றில் போகிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். காற்றும் படகும் ஒரே வேகத்தில் போவதால் முகத்தில் காற்றே படாது. சத்தம் எல்லாம் நின்றுவிடும். கடலில் அலையாவது இருக்கும். இங்கே அதுவும் இல்லை. கற்பூரம் ஏற்றினால் ஆடாமல் எரிந்திருக்கும். படகு ஒரு பக்கமும் சாயாமல் நேராக உட்கார்ந்து போனது. என் மூச்சு எனக்கே கேட்டது. கரையெல்லாம் மலைநிழலில் கறுத்துக் கிடக்க, உயரத்தில் இருந்த பாயில் மட்டும் கடைசி வெயில் விழுந்து, அது உள்ளிருந்து எரிவது போலச் சிவந்திருந்தது. சொந்தக் கையால் ஏற்றிய பாயைப் பார்க்க எனக்கே கூசியது. தலையைக் குனிந்துகொண்டேன்.

முன்னால் என்ன நடக்கிறது என்று பாயின் அடிவிளிம்புக்குக் கீழே குனிந்துதான் பார்க்க வேண்டும். பார்த்தேன். கரையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றிருந்தார்கள். ஒருவர் கைநீட்டிக் காட்டினார். பிறகு நான்கு பேர் கட்டிலைத் தூக்கினார்கள். கரை இறங்க வசதியான இடத்துக்குக் கொண்டுபோகிறார்கள் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். மறுபடி குனிந்து பார்த்தபோது முதுகுகள் தெரிந்தன. கட்டில் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. நான் நெருங்க நெருங்க அவர்கள் வேகமாகப் போனார்கள்.

எனக்கு விஷயம் முழுதாகப் புரியவில்லை. ஆனால் அவர்கள் பாயைப் பார்த்துத்தான் போகிறார்கள் என்பது புரிந்தது. காத்திருந்தது ஒரு பரிசலுக்கு. வந்துகொண்டிருப்பது ஆளில்லாத ஒரு சிவப்புத் துணி. இதை இறக்கியாக வேண்டும், நான் எழுந்து நின்று என்னைக் காட்டியாக வேண்டும்.

தனி ஆளுக்குப் பலூன் பாயை ஏற்றுவதைவிட இறக்குவதுதான் பாடு. பெரிய பாயின் மறைவுக்குள் இழுத்து, காற்றைப் பறித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கயிற்றை விட வேண்டும். நான் அவசரப்பட்டேன். அதே நேரம் மலை இடுக்கிலிருந்து ஒரு எதிர்க்காற்று சுழன்று வந்தது. பாய் ஒரு சுற்றுச் சுற்றி, படகின் முன்புறக் கம்பியில் நடுவாகச் சிக்கிக்கொண்டது. மேலே ஒரு உப்பல், கீழே ஒரு உப்பல், நடுவில் இடுப்பு இறுகக் கட்டியது போல. கயிற்றை விட்டேன், இறங்கவில்லை. இழுத்தேன், இன்னும் இறுகியது. அது அங்கேயே நின்று இப்படியும் அப்படியும் திரும்பியது. முகம் தேடித் திரும்புவது போல இருந்தது. கடலில் இந்தச் சிக்கலை நான் எத்தனையோ தடவை பார்த்துத் திட்டியிருக்கிறேன். அன்று திட்ட வாய் வரவில்லை.

கட்டில் பாறைக்கு மேலே போய்விட்டது. இன்னும் கொஞ்சத்தில் மரங்களுக்குள் மறைந்துவிடும்.

அந்தப் பாயை வீழ்த்த எனக்கு ஒரே ஒரு வழிதான் தோன்றியது. பிளாஸ்க்கின் முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். படகின் விளிம்பில் ஏறி நின்று, பாய்மரத்தைத் தாங்கும் கம்பியைப் பிடித்து, என் முழுக் கனத்தோடும் வெளியே சாய்ந்தேன். படகு முதலில் இணங்கவில்லை. பிறகு ஒரேயடியாகக் கவிழ்ந்தது. சிவப்புத் துணி முழுவதும் தண்ணீரில் அறைந்து விழுந்து அணைந்தது. நானும் உள்ளே போனேன். காலில் சேறு தட்டியது. எழுந்தால் மார்பளவுத் தண்ணீர்.

"நில்லுங்க," என்று கத்தினேன். மலை என் குரலைத் திருப்பி அனுப்பியது. அவர்கள் நிற்கவில்லை. "மருந்து கொண்டுவந்திருக்கேன்." அதற்கும் நிற்கவில்லை. அப்போதுதான் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தம்பி சாகக்கிடக்கிறான், இத்தனை மரம் தாண்டி, கூழ் குடித்து, முதுகு உடைந்து வந்திருக்கிறேன், இவர்கள் மலையேறுகிறார்கள். "நில்லுங்கடா, கட்டையில போறவனுங்களா," என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் சொன்னவை பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களிடம் கேட்டுப் பழகியவை, அச்சில் ஏறாது. சேற்றில் வழுக்கி விழுந்து எழுந்து, வாயில் போன தண்ணீரைத் துப்பி, மறுபடியும் திட்டினேன்.

கட்டில் நின்றது.

முதலில் இறங்கி வந்தவர்தான் சடையன். உயரமான, ஒல்லியான மனிதர். கொஞ்ச தூரத்தில் நின்று, கரைச் சேற்றில் நின்ற என் கால்களைப் பார்த்தார்.

"யாருங்க நீங்க?"

"கலியமூர்த்தியோட அக்கா. பினாங்கு. தனம் மருந்து குடுத்து அனுப்பிச்சா."

அவர் மேலே திரும்பி, "மனுசிதான்டா," என்று குரல் கொடுத்தார். பிறகு என் கையைப் பிடித்து ஏற்றிக்கொண்டே சொன்னார். "நீங்க வையறதுலதான் தெரிஞ்சுச்சு. கூப்புடறது யாரு வேணா கூப்புடுவாங்க. இப்டி வையறதுக்கு மனுசங்கதான் வேணும்."

பாதி வழியில் இருந்த ஒரு காவல் குடிசைக்குள் கட்டிலை இறக்கினார்கள். கலியமூர்த்தியின் மூச்சு ஆழமாக இழுத்து இழுத்து வந்தது. அழுகிய பழம் போல வாடை. நாக்கு வறண்டு ஒட்டிக்கிடந்தது. கண் பாதி திறந்திருந்தது, பேச்சில்லை. ஊசியைப் போட்டேன். சடையனின் மனைவி அடுப்பு மூட்டி, உப்புப் போட்ட தண்ணீரைக் கரண்டி கரண்டியாக அவன் வாயில் ஊற்றிக்கொண்டே இருந்தார். அம்மாவுக்குச் செய்ததை நினைவுபடுத்திக்கொண்டு, விட்டு விட்டு ஊசி போட்டேன். அவன் செத்துவிட்டால் நான் தனத்தின் முன்னால் எப்படிப் போய் நிற்பேன் என்ற ஒரே நினைப்புதான் இருந்தது.

ஏன் தூக்கிக்கொண்டு போனீர்கள் என்று சடையனைக் கேட்டேன். அவர் நெருப்பைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"எங்க பக்கம் ஒடம்பு முடியாதவங்க கெடந்தா, அந்தி நேரத்துல செவப்புத் துணி கட்டிக்கினு யாரும் கிட்ட வர மாட்டாங்க. பொம்பளைங்க சேலைகூட மாத்திக்கினுதான் வருவாங்க. செவப்புல வர்றவ வேற. அவ அழைச்சிக்கினு போவத்தான் வருவா. தண்ணி மேல ஆளே இல்லாம, அவ்ளோ பெருசா வந்தா நாங்க இன்னான்னு நெனைப்போம்? உங்க தம்பிய அவ கையில குடுக்கக் கூடாதுன்னுதான் தூக்கிக்கினு ஓடனோம்."

அவரைத் திட்டியது எனக்கு உறுத்தியது. சொன்னேன். "அத்த வுடுங்க," என்றார்.

பொழுது விடிந்தபோது அவன் மூச்சு சீராகியிருந்தது. "அக்கா," என்று தெளிவாகக் கூப்பிட்டான். நான் அழுதேன், வெட்கப்படாமல் அழுதேன். சடையனின் மனைவி எனக்குச் சாமைக் கஞ்சியும் மிளகாய்த் துவையலும் தந்தார். அதைப் போல ருசியாக நான் எதையும் தின்றதில்லை.

அவனை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோயாக வேண்டும். காலையில் காற்று மலையிலிருந்து இறங்குகிறது, படகை நிமிர்த்தி அவனைப் படுக்க வைத்துச் சீக்கிரமே அக்கரை சேர்ந்துவிடலாம் என்று என் திட்டத்தைச் சொன்னேன். படகை நிமிர்த்தச் சடையனும் மற்றவர்களும் வந்தார்கள். தண்ணீரில் இறங்கி உள்ளே இருந்ததை இறைத்தும் கொடுத்தார்கள். ஈரப் பாயை மட்டும் யாரும் தொடவில்லை. நான்தான் சுருட்டிப் பைக்குள் திணித்தேன்.

"உங்க தம்பி இதுல வர மாட்டாருங்க," என்றார் சடையன்.

"அப்ப எப்படிப் போறது?"

"நாங்க தூக்கிக்கினு வர்றோம். மலைப் பாதையில."

"அங்க போலீஸ் இருக்காங்க. உங்களையும் சேர்த்துப் பிடிப்பாங்க."

"புடிச்சா புடிக்கட்டும். போலீசு புடிச்சா திரும்பி வரலாம்."

எனக்குக் கோபம் வந்தது. கட்டிலில் வெயிலுக்குக் கண்ணை மூடிப் படுத்திருந்த கலியமூர்த்தியிடம் போனேன். இவன் கப்பலில் பூமியைச் சுற்றி வந்தவன். இந்தப் பாய் வேண்டும் வேண்டும் என்று கேட்டவனே இவன்தான். நீயே சொல்லுடா என்றேன்.

"நான் இவங்களோடயே போறேங்க்கா," என்றான்.

அப்படித்தான் போனான். நான்கு பேரும் முகாம் வழியாகவே தூக்கிப் போனார்கள். நிறுத்திய போலீஸ்காரர்கள் கட்டிலில் கிடந்தவனைப் பார்த்துவிட்டு வழிவிட்டார்களாம். கள்ளக்குறிச்சியில் படுத்து எழுந்து, நல்லபடியாகக் கரும்பு போட்டுக்கொண்டிருக்கிறான். அது பிறகு நடந்தது. அன்று காலை, கட்டிலைத் தூக்குவதற்கு முன்னால், அவன் மற்றவர்களைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லி என்னைக் கிட்டே கூப்பிட்டான்.

"நேத்து எனக்கு நெனவு இருந்துச்சுக்கா. பேசத்தான் முடியல. கட்டில்லேர்ந்து பாத்துக்கினே இருந்தேன். மொதல்ல பாய்தான் தெரிஞ்சுச்சு. பலூன் பாய் எனக்குத் தெரியாதா, நான் பயப்படல. அக்கா வருதுன்னு சந்தோசமாத்தான் இருந்துச்சு. அப்பால அத்து முறுக்கிக்கினுச்சு பாரு, அப்பதான் படகு தெரிஞ்சுச்சு."

"சரி."

"படகுல ரெண்டு பேரு இருந்தீங்க."

நான் படகுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"கவுந்தப்புறம் நீ ஒருத்திதான் எழுந்து வந்த," என்றான்.

கட்டிலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மரங்களுக்குள் அவர்கள் காலடிச் சத்தம் அடங்கும்வரை நின்றேன். தண்ணீரோரத்தில் படகு நின்றுகொண்டிருந்தது. அக்கரைக்கு நான் அதில் தனியாகத்தான் போக வேண்டும்.